மாவுக் கையோடு சொன்ன சம்மதம்

1

எங்கள் ஊரின் பெயரை எழுதக் கூடாது என்று எனக்கு உத்தரவு. யாருடைய உத்தரவு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதைக்கு, சேரப்பணஞ்சேரிக்கும் மணிமங்கலத்துக்கும் நடுவே ஏரித் தண்ணீரை நம்பியிருந்த ஒரு சிற்றூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து சைக்கிளில் போய் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்தியவன் நான். இன்று ஜாம்பியாவில், கப்வே என்ற சுரங்க ஊரில், அதே கணக்கை வேறு பிள்ளைகளுக்கு நடத்துகிறேன். வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன.

வெளிநாட்டுக்காரர்கள் இங்கே குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். மூன்று போட்டோ, நான்கு நகல், ஐந்து ஜன்னல். நான்காவது ஜன்னலில் இருப்பவர் மூன்றாவது ஜன்னலின் முத்திரை சரியில்லை என்பார். மூன்றாவது ஜன்னல்காரர் சாப்பிடப் போயிருப்பார். நம் ஊர் தாலுகா ஆபீசில் பழகியவனுக்கு இதெல்லாம் தாய்வீடு மாதிரிதான்.

சில மாதங்களுக்கு முன் என் மனைவி நவநீதத்தின் படிவத்தோடு போயிருந்தோம். அன்று இருந்த அதிகாரி ஒரு பெண். பூப்போட்ட துணியைத் தலையில் கட்டிய, கனத்த உடம்புக்காரி. நவநீதம் பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் பேனாவை எடுத்து, கையெழுத்து போடும் இடத்துக்குக் கொண்டு போனேன். இடத்தைக் காட்டத்தான். அந்த அம்மாள் தாளின் மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"நீங்கள் கணவரா? நல்லது. வெளியே பெஞ்சில் உட்காருங்கள். இது இவருடைய தாள். இவர் படித்துவிட்டு, சரி என்று பட்டால் இவர் போடுவார்."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்பதைப் போலச் சொன்னாள். நவநீதம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த சிரிப்பின் அர்த்தம் இந்த உலகத்தில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். நான் வெளியே போய் உட்கார்ந்தேன்.

2

அறுபதுகளின் முதல் பாதி. எங்கள் ஊருக்குப் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்து முடிந்திருந்தது. பெண் யாரும் ஜெயிக்காத ஊரில் ஒரு பெண்ணையாவது உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டத்தில் இருந்தது. எங்கள் ஊரில் ஜெயிப்பது இருக்கட்டும், எந்தப் பெண்ணும் நிற்கவே இல்லை. தலைவர் தர்மலிங்கம் வீட்டுக்கு வந்தார்.

"வாத்தியாரே, ஒரு பொம்பள பேரு வேணும். ஒம் பொஞ்சாதி எட்டாவது படிச்சிகீது. அது பேர எழுதிடலாமா?"

"எழுதிக்குங்க" என்றேன். நவநீதம் அப்போது பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவள் மக்கள் பிரதிநிதி ஆன விஷயம், துணி காய்ந்து மடிக்கும்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

கூட்டம் பஞ்சாயத்து ஆபீசில் நடக்கும். ரேடியோப் பெட்டி இருக்கிற அறை. ஆண்கள் உட்கார்ந்து பேசுவார்கள். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்பதால் தீர்மானப் புத்தகத்தை எழுதுகிற வேலை என்னுடையது. பெண் உறுப்பினர் கூட்டத்துக்கு வருகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் எந்த ஊரிலும் இல்லை. புத்தகம்தான் அவர்கள் வீட்டுக்குப் போகும். எங்கள் வீட்டில் அது இன்னும் சுலபம், எழுதுகிறவனே புருஷன். கூட்டம் முடிந்ததும் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு 'ந. நவநீதம்' என்று பள்ளிக்கூடத்து உருண்டை எழுத்தில் போடுவாள். தெருவிளக்கு, கிணறு தூர்வாருதல், பிளீச்சிங் பவுடர். படித்துப் பார்க்க என்ன இருக்கிறது என்று நானும் நினைத்தேன், அவளும் நினைத்திருப்பாள்.

ஒரு நாள் அவள் ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் மாவு.

"கையெல்லாம் மாவாகீதுங்க. நீங்களே போட்டுடுங்க" என்றாள்.

போட்டேன். அப்படியே அச்சாக வந்தது. வாத்தியார் கை அல்லவா. அடுத்த மாதம் அவளைக் கேட்கவில்லை. அதற்கடுத்த மாதமும் கேட்கவில்லை. ஒருமுறை சொன்னால் எப்போதைக்கும் சொன்ன மாதிரிதானே என்பது என் கணக்கு. ஒன்பது மாதம் நானே நவநீதமாக இருந்தேன்.

3

இங்கே வந்த புதிதில் எனக்கு ஒரு சங்கடம். "சார், இது சரியா?" என்று பிள்ளைகள் நோட்டை நீட்டுவார்கள். நான் நம் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் ஆட்டுவேன். அவர்கள் முகம் விழுந்துவிடும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி போடுவார்கள். ஒரு பருவம் முழுக்க என் 'சரி' அவர்களுக்குத் 'தப்பு'. கடைசியில் ஒரு மாணவி எழுந்து, "சார், தலையை விட்டுவிடுங்கள், வாயால் சொல்லுங்கள்" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குச் சிரிப்பு போய்விட்டது.

ஏனென்றால் தலையை வைத்துச் சம்மதத்தைக் கணக்குப் போட்டு, நான் முன்பே ஒருத்தியின் விஷயத்தில் பெரிய தப்பு செய்திருந்தேன். அவள் பெயர் அஞ்சலை.

அப்போது அஞ்சலைக்கு இருபது வயது. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அப்பா குத்தகை நிலத்தில் பயிர் செய்தவர். ஊரில் முதன்முதலாக டிராக்டர் வாங்கிய வீட்டின் மகன் கஜேந்திரன், வேர்க்கடலை பிடுங்கப் போன அவளை பம்ப்செட் கொட்டகைக்குள் இழுத்துக்கொண்டு போனான். அவள் கத்தியது மோட்டார் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. நடந்ததை அவளே அம்மாவிடம் சொன்னாள், அம்மா அப்பாவிடம் சொன்னாள், அப்பா தர்மலிங்கத்திடம் போய் நின்றார்.

ஊரில் நியாயம் பேசினார்கள். பேசியவர்கள் யார் என்றால் அதே பஞ்சாயத்து உறுப்பினர்கள்தான். கெடுத்தவனே கட்டிக்கொள்ள வேண்டும் என்று முடிவானது. இதைத்தான் நியாயம் என்று நாங்கள் எல்லோரும் மனதார நம்பினோம். குத்தகைக்காரன் மகளுக்கு டிராக்டர் வீட்டு மாப்பிள்ளை, இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுகூட ஒருவர் சொன்னார். எனக்கும் அது பெரிய முற்போக்காகப் பட்டது, வெட்கத்தோடு எழுதுகிறேன். கஜேந்திரன் பின்னால் பேச்சு மாறக் கூடாது என்று தர்மலிங்கம் ஒரு யோசனை செய்தார்.

"இத்த நம்ம புக்குல ஏத்திடு வாத்தியாரே. கவர்மெண்டு சீல் குத்திட்டா எவனும் பின்வாங்க முடியாது."

பிளீச்சிங் பவுடர் வாங்குவது நான்காவது தீர்மானம். அஞ்சலையின் கல்யாணம் ஐந்தாவது. ஆபீஸ் வாசலில் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். தலை குனிந்திருந்தது. பெண் தலை குனிந்தால் சம்மதம் என்பது நம் கல்யாணங்களில் எல்லாம் பார்த்த வழக்கம்தானே. 'பெண்ணின் பூரண சம்மதத்துடன்' என்று எழுதினேன். அந்த வார்த்தைகளை யாரும் சொல்லித் தரவில்லை. அழகாக இருக்கட்டும் என்று நானே சேர்த்தேன். கீழே எல்லோரும் கையெழுத்து போட்டார்கள். வீட்டுக்கு வந்து நவநீதத்துக்காகவும் போட்டேன்.

4

நான்காம் நாள் அஞ்சலை எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் உள்ளே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நவநீதம் வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா, நீ கூடமா கையெழுத்து போட்ட?" என்றாள் அஞ்சலை. "ஆம்பளைங்க போட்டாங்க, செரி. உள்ள ஒரு பொம்பள கீதே, அதுவாச்சும் ஒரு வார்த்த கேக்கும்னு இருந்தேன்கா. நீயும் கேக்கல."

முறத்தின் சத்தம் நின்றது.

"இன்னா கையெழுத்து?" என்றாள் நவநீதம்.

அவள் உள்ளே வந்து கையை நீட்டினாள். புத்தகத்தைக் கொடுத்தேன். ஐந்தாவது தீர்மானத்தைப் படித்தாள். பிறகு பின்னோக்கிப் புரட்டி, ஒவ்வொரு மாதமாக, தன் பெயரை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். அவள் அழுதிருந்தால் சமாளித்திருப்பேன்.

"நீதானே போடச் சொன்ன" என்றேன்.

"மாவுக் கையோட சொன்னேன். அன்னிக்கு சொன்னது அன்னிக்கு. அப்புறம் கைய கழுவிட்டேன் இல்ல?"

நான் புத்தகத்தை வாங்கக் கையை நீட்டினேன். அவள் தரவில்லை.

"ஞாயித்துக்கிழம மீட்டிங்கு நான் வரேன்" என்றாள்.

பொய்க் கையெழுத்து வெளியே வந்தால் என் வேலை என்னவாகும் என்று சொன்னேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம். கல்யாணத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் புத்தகத்திலிருந்து அந்தத் தீர்மானம் போகவில்லை என்றால் அஞ்சலை அந்த வீட்டுக்குப் போயாக வேண்டும், அவன் பக்கத்தில் படுத்தாக வேண்டும். தராசின் ஒரு தட்டில் அது, இன்னொரு தட்டில் என் உத்தியோகம். நவநீதத்துக்கு எடை பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"உங்க வேல போனா நாம பட்டினி கெடப்போம். அவ அங்க போனா?" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

ஞாயிறு காலை பத்து மணி. எங்கள் ஊர் பஞ்சாயத்து ஆபீசுக்குள் கூட்டம் நடக்கும்போது ஒரு பெண் காலடி எடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. தயாராக நாற்காலி இல்லை. யாரும் எழுந்திருக்கவும் இல்லை. ரேடியோப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த காலி மரப்பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.  

"அஞ்சாவது தீர்மானத்துல இருக்கறது என் கையெழுத்து இல்லீங்க."

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தர்மலிங்கம் கெட்டவர் அல்ல. என்னைக் காப்பாற்றத்தான் சிரித்தார்.

"அட இன்னாம்மா, புருஷன் போட்டா பொஞ்சாதி போட்டாப்பலதான். வூட்டுக்குள்ள இதெல்லாம் பாக்கமுடியுமா?"

"அப்படித்தான் அஞ்சலைக்கும் பாத்தீங்க. அப்பன் சரின்னா பொண்ணு சரின்னாப்பல. நான் சரின்னு சொல்லல. அவ சொன்னாளா? இங்க இருக்கறவங்கள்ல யாரு காதால கேட்டது?"

 நவநீதம் என் பக்கம் திரும்பினாள். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. காத்திருந்தாள். நானே சொல்லட்டும் என்று எனக்காக ஒரு இடத்தை விட்டு வைத்திருந்தாள்.  "நான்தான் போட்டேன்" என்றேன். "பூரண சம்மதம்னு எழுதினதும் நான்தான். அந்தப் பொண்ண யாரும் கேக்கல." என் வாழ்நாளில் நான் செய்த ஒரே வீரச் செயல் அது. அதுவும் மனைவி பார்த்த பார்வைக்குப் பயந்து செய்தது.

அஞ்சலையைக் கூப்பிட்டார்கள். அவள் வெளியேதான் நின்றிருந்தாள். அன்று தலை நிமிர்ந்திருந்தது.

"எனக்கு அவன் வேணாம்" என்றாள். "கட்டி இட்டுகினு போனா தெனிக்கும் அதே கொட்டாய்தான எனக்கு? நான் போவ மாட்டேன்."

அந்த அறையில் இருந்த ஆண்களில் நாலைந்து பேர் தரையைப் பார்த்தார்கள். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்கோ உடம்பு சிலிர்த்தது. சாமி வந்தவர்கள் முன்னால் நிற்கும்போதுகூட எனக்கு அப்படி ஆனதில்லை. நான் சிவப்பு மையால் ஐந்தாவது தீர்மானத்தின் குறுக்கே கோடு போட்டேன். 'ரத்து' என்று எழுதினேன். கீழே நவநீதம் தன் கையால் கையெழுத்திட்டாள்.

5

என் வேலை போகவில்லை. தர்மலிங்கம் விஷயத்தை வெளியே விடவில்லை. ஆனால் டிராக்டர் வீட்டார் எங்கள் தெருவில் வந்து நின்று பேசின பேச்சுகளை எழுத முடியாது. இரண்டு வருஷம் எங்கள் வீட்டுக்கு யாரும் கல்யாணப் பத்திரிகை வைக்கவில்லை. வெளிநாட்டுக்கு வாத்தியார் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து நான் விண்ணப்பித்ததற்கு அதுவும் ஒரு காரணம். இந்த முறை நவநீதத்திடம் கேட்டுவிட்டுத்தான் தபாலில் போட்டேன்.

அஞ்சலை புகார் கொடுத்தாள். வழக்கு நிற்கவில்லை. நீ ஏன் அந்த வழியாகப் போனாய், காயம் எங்கே, யார் பார்த்தது என்று போலீசில் கேட்டார்கள். இல்லை என்று சொன்ன பெண்தான் அதை நிரூபிக்கவும் வேண்டியிருந்தது. அவள் தாம்பரத்துக்குப் போய் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தாள் என்றும், அங்கேயே ஒரு தச்சரை, தனக்குப் பிடித்துப்போய், கல்யாணம் செய்துகொண்டாள் என்றும் பிற்பாடு கேள்விப்பட்டோம். சில ஆண்டுகளுக்கு முன் ஊரிலிருந்து மளிகைச் சாமான் சுற்றி வந்த பழைய பத்திரிகைத் தாளில், சட்டத்தைத் திருத்துகிறார்கள் என்றும், சில வகை வழக்குகளிலாவது பெண் சம்மதிக்கவில்லை என்று சொன்னால் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டுதான் விசாரிக்க வேண்டும் என்றும் படித்தேன். மல்லி வாசனை அடித்த அந்தத் தாளை நவநீதம் மடித்துத் தன் பெட்டியில் வைத்தாள்.

எங்கள் மகள் மலருக்குப் பதினேழு வயது. இங்கேயே பிறந்தவள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில், கோபம் வந்தால் இங்குள்ள பெம்பா மொழியில். அனுமதி ஆபீசிலிருந்து திரும்பிய அன்று அம்மா தனியாகச் சிரிப்பதைப் பார்த்துவிட்டுக் குடைந்து குடைந்து கேட்டாள். நவநீதம் கதை முழுவதையும் சொன்னாள். மலர் என்னைப் பார்த்து, "அப்பா, நீங்க செஞ்சது ஃபோர்ஜரி" என்றாள். பதினேழு ஆண்டுகளில் அவள் முழுதாகத் தமிழில் சொல்ல முயன்ற வாக்கியங்களில் அதுவும் ஒன்று. "ஆமாம்மா" என்றேன். பிறகு அவள் போய்த் தன் கல்லூரி விண்ணப்பத்தை எடுத்து வந்து மேஜையில் வைத்தாள். விருப்பப் பாடம் என்ற இடத்தில் என் கையெழுத்தில் 'நர்சிங்' என்று இருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் எழுதியிருந்தேன். அவளைக் கேட்டேனா என்று யோசித்துப் பார்த்தேன். அவள் படிக்க விரும்புவது மோட்டார் இஞ்சினியரிங்காம். புதுப் படிவம் வாங்க மறுபடியும் ஐந்து ஜன்னல் ஏறி இறங்கினேன். புத்தி வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள எனக்கு இன்னும் தைரியமில்லை.

அந்தப் பெஞ்சு விஷயத்தை முடிக்கவில்லை. நவநீதம் மூன்று பக்கத்தையும் வரி விடாமல் படித்தாள். இரண்டு இடத்தில் கேள்வி கேட்டாள். அந்த அதிகாரி எழுந்து வந்து விளக்கினாள். இருபது நிமிஷம் ஆனது. நான் ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே அக்டோபர் வெயிலில் உட்கார்ந்து, ஒரு பெண் தன் பெயரைத் தானே எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயிலில் நிற்பது போல இருந்தது என்று சொன்னால் நீங்கள் சிரிக்கலாம். எனக்கு அப்படித்தான் இருந்தது.

6

இந்தக் குறிப்புகளை எழுதி முடித்ததும் நவநீதத்திடம் கொடுத்து, "பத்திரிகைக்கு அனுப்பட்டுமா?" என்று கேட்டேன். கேட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் படித்தாள். தாள்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தாள்.

"என்னைய கேட்டீங்க, சரி. அஞ்சலைய கேட்டீங்களா?"

இல்லை. மறுபடியும் அவளைப் பற்றி எழுதிவிட்டு, மறுபடியும் அவளைக் கேட்கவில்லை.

அவளுடைய விலாசம் என்னிடம் இல்லை. தர்மலிங்கத்தின் மகனுக்கு எழுதி வாங்கினேன். அப்போதுதான் தெரிந்தது, அஞ்சலை இப்போது ஊரில்தான் இருக்கிறாள். அப்பா போன பிறகு வீடு அவளுக்கு வந்திருக்கிறது. பல ஆண்டுகளாக நடக்காமல் இருந்த பஞ்சாயத்துத் தேர்தல் இப்போது நடந்ததே, அதில் அவள் வார்டில் நின்று ஜெயித்திருக்கிறாள். எழுதியதை அப்படியே நகலெடுத்து அவளுக்கு அனுப்பினேன். பிடிக்கவில்லை என்றால் கிழித்துவிடு, ஒரு வரிகூட வெளியே வராது என்று எழுதினேன். இரண்டு மாதம் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி வாசல் கேட்டுக்கும் வீட்டுக்கும் நடந்தேன்.

நீல நிறத் தாளில் கடிதம் வந்தது. எழுத்து கோணலாக இருந்தாலும் அவளுடைய எழுத்து. நவநீதம் சத்தமாகப் படித்தாள்.

'வாத்தியாருக்கும் அக்காவுக்கும் வணக்கம். எம் பொண்ணு ரெண்டு தடவ படிச்சிக் காட்டுச்சி. எல்லாம் நெசந்தான். ஆஸ்பத்திரில வேல செய்யறப்ப எழுதக் கத்துக்கினேன். இப்போ புக்கு எவ வூட்டுக்கும் வர்றது இல்ல. நான்தான் புக்கு கீற எடத்துக்குப் போறேன். படிச்சிட்டுத்தான் போடறேன். நாக்காலி போட்டுகீறாங்க. அக்காகிட்ட சொல்லுங்க. நீங்க எழுதனத போட்டுக்கலாம். என் பேர மாத்தாதீங்க. நான் ஒண்ணும் தப்பு பண்ணல. ஊர் பேர மட்டும் போடாதீங்க. ஊருக்குத்தான் வெக்கம்.'

நவநீதம் கடிதத்தை இன்னொரு முறை படித்தாள், இந்தத் தடவை மனதுக்குள். பிறகு பத்திரிகைத் தாள் இருந்த பெட்டியைத் திறந்தாள். நான் முதல் பக்கத்தை எடுத்து, ஊர்ப் பெயர் இருந்த இடத்தைச் சிவப்பு மையால் அடித்தேன்.